எட்டு நிறுவனங்கள், ஐந்து வெற்றியாளர்கள், ஆனாலும் ஓயாத சர்ச்சை: நெடுநேரக் கார் பந்தயத்தில் போட்டி என்பது எது?

2025 அக்டோபரில் போர்ஷே ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உலக நெடுநேரக் கார் பந்தயத் தொடரின் மேல் பிரிவான ஹைப்பர்காரில், தானே நேரடியாக நடத்தும் தொழிற்சாலை அணி அந்த சீசனோடு விலகிக்கொள்ளும் என்றது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வேறு எவரையும்விட அதிகமாக, 19 முறை வென்ற நிறுவனம் அது. விலகிய நேரமும் வியப்பளிப்பது. அந்த ஆண்டு ஹைப்பர்கார் பிரிவில் எட்டு நிறுவனங்கள் மோதின. எட்டுப் பந்தயங்களில் முதல் நான்கை ஃபெராரி கார்களும், எஞ்சிய நான்கை முறையே காடிலாக், போர்ஷே, அல்பைன், டொயோட்டா கார்களும் வென்றன. ஒரே சீசனில் ஐந்து நிறுவனங்கள் வென்ற ஒரு தொடரை விட்டு, அந்த வெற்றியாளர்களில் ஒருவரே வெளியேறியது ஏன்? இத்தனை நிறுவனங்கள் இருந்தும் ரசிகர்களும் அணிகளும் விதிகளைப் பற்றி ஓயாமல் சண்டையிடுவது ஏன்?

இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் பல இருப்பதும் போட்டி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைப் பெறுவதற்கு இரண்டாவதன் ஒரு பகுதியை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலை எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

## அடிப்படை: யார் நடத்துகிறார்கள், எதில் ஓடுகிறார்கள்

ஆறு, எட்டு, பத்து, இருபத்து நான்கு மணி நேரம் என்று நேரத்தை அளவாகக் கொண்டு நடப்பது நெடுநேரக் கார் பந்தயம். ஒரு காரை இரண்டு அல்லது மூன்று ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். அதன் மையம் பிரான்சின் லெ மான் நகரம். 1923இல் தொடங்கிய பந்தயம் இன்றும் அங்கே, 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள சார்த் தடத்தில் நடக்கிறது. நடத்துவது ஏசிஓ என்ற பிரெஞ்சு வாகனக் கழகம். அந்தக் கழகமும் உலக வாகன விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவும் சேர்ந்து 2012இல் தொடங்கியதே இன்றைய உலகத் தொடர். அட்லாண்டிக்கின் மறுகரையில் இம்சா என்ற அமைப்பு டேடோனா 24 மணி நேரம், செப்ரிங் 12 மணி நேரம் ஆகியவற்றைக் கொண்ட தனித் தொடரை நடத்துகிறது.

ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் பல பிரிவுகள் ஓடும். மேல் பிரிவு ஹைப்பர்கார். இவை பந்தயத்துக்கென்றே கட்டப்படும் கார்கள். கீழே எல்எம்ஜிடி3; இவை சாலையில் விற்கும் விளையாட்டுக் கார்களிலிருந்து உருவாக்கப்பட்டவை. லெ மானில் மட்டும் இரண்டுக்கும் இடையில் எல்எம்பி2 என்ற பிரிவும் உண்டு.

ஹைப்பர்கார் பிரிவுக்குள் நுழைய இரண்டு வழிகள் இருக்கின்றன. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

1. எல்எம்எச் வழி: காரின் சேஸிஸ் (அடிச்சட்டம்), எஞ்சின், மின்மோட்டார் எல்லாவற்றையும் நிறுவனமே வடிவமைக்கலாம். முன் அச்சில் 200 கிலோவாட் வரை மின்மோட்டார் பொருத்தலாம். மோட்டாரே இல்லாமலும் வரலாம். ஃபெராரி, டொயோட்டா, பூஜோ, ஆஸ்டன் மார்ட்டின் இந்த வழியில் வந்தவை.

2. எல்எம்டிஎச் வழி: சேஸிஸை டல்லாரா, லிஜியே, மல்டிமாட்டிக், ஓரெகா ஆகிய நான்கு தயாரிப்பாளர்களில் ஒருவரிடம் வாங்க வேண்டும். பின் அச்சில் பொருத்தும் மின்மோட்டார், பேட்டரி, கியர்பெட்டி எல்லோருக்கும் ஒன்றே. எஞ்சினும் மேல்தோற்றமும் மட்டும் நிறுவனத்தின் சொந்தம். போர்ஷே, பிஎம்டபிள்யூ, காடிலாக், அல்பைன், ஆக்யுரா இப்படி வந்தவை.

முதல் வழி செலவு மிக்கது, சுதந்திரம் அதிகம். இரண்டாவது வழி மலிவு, கட்டுப்பாடு அதிகம். இரண்டும் ஒரே கோப்பைக்காக மோதுகின்றன. லெ மானுக்கும் டேடோனாவுக்கும் ஒரே காரைக் கொண்டுபோகலாம் என்ற நிலையை ஏசிஓவும் இம்சாவும் பேசி உருவாக்கியதுதான் பல நிறுவனங்களை உள்ளே இழுத்தது. ஒரே செலவில் இரண்டு கண்டங்களின் சந்தை என்றால் எந்த இயக்குநர் குழுவும் காது கொடுத்துக் கேட்கும்.

## பிஓபி: இத்தனை பேரை ஒன்றாக ஓடவைக்கும் விதி

ஆஸ்டன் மார்ட்டினின் 6.5 லிட்டர் வி12 எஞ்சினில் டர்போவும் இல்லை, மின்மோட்டாரும் இல்லை. பூஜோவிடம் இருப்பது 2.6 லிட்டர் இரட்டை டர்போ வி6. காடிலாக்கினுடையது 5.5 லிட்டர் வி8. இவற்றைச் சும்மா அவிழ்த்துவிட்டால் ஒன்று முன்னே போய்விடும், மற்றவை மறைந்துவிடும். அதைத் தடுப்பது செயல்திறன் சமநிலை விதி, சுருக்கமாக பிஓபி.

இது இரண்டு அடுக்காக இயங்குகிறது. முதல் அடுக்கு வடிவமைப்பிலேயே இருக்கிறது. காற்று எவ்வளவு எதிர்க்கலாம், காரைத் தரையோடு எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு ஒரு குறுகிய எல்லை உண்டு. அதற்குள் வந்த காரை மட்டுமே காற்றுச் சுரங்கச் சோதனைக்குப் பிறகு ஏற்பார்கள். குறைந்தபட்ச எடை 1030 கிலோ. சக்கரங்களுக்குப் போகும் மொத்தத் திறன் ஏறத்தாழ 500 கிலோவாட், அதாவது சுமார் 680 குதிரைத்திறன். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: மின்மோட்டார் இந்தக் கணக்குக்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. மோட்டார் திறன் தரும்போது எஞ்சின் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். சக்கர அச்சுகளில் இருக்கும் உணரிகள் இதை ஒவ்வொரு நொடியும் அளக்கின்றன.

இரண்டாவது அடுக்கு பந்தயத்துக்குப் பந்தயம் மாறுவது. ஒவ்வொரு காரின் எடை, உச்சத் திறன், ஒரு எரிபொருள் நிரப்புதலுக்கும் அடுத்ததற்கும் இடையே செலவழிக்கலாம் என்று அனுமதிக்கப்படும் ஆற்றல் ஆகியவற்றை ஒரு பட்டியலாக வெளியிடுவார்கள். 2024 முதல் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்போது திறனைத் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ வழி செய்திருக்கிறார்கள். குதிரைப் பந்தயத்தில் வலுவான குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவதைப் போன்றதுதான் இது.

முன் அச்சில் மோட்டார் உள்ள கார்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் காருக்கு ஈரத் தரையிலும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் பெரிய அனுகூலம் கிடைக்கும். அதனால் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகே அந்த மோட்டார் வேலை செய்யலாம் என்று விதித்திருக்கிறார்கள். எந்த வேகம் என்பதையும் பட்டியலே தீர்மானிக்கிறது.

## சுதந்திரம் தந்தபோது என்ன நடந்தது

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் 2014க்கும் 2020க்கும் இடையில் இருக்கிறது.

2014இல் மேல் பிரிவுக்குப் பெயர் எல்எம்பி1. விதி எளிது: இவ்வளவு எரிபொருள், இவ்வளவு மின்னாற்றல், மீதியை நீங்களே கண்டுபிடியுங்கள். ஆடி 4 லிட்டர் டீசல் எஞ்சினோடும், ஆற்றலைச் சேமிக்கும் சுழல் சக்கரத்தோடும் வந்தது. டொயோட்டா 3.7 லிட்டர் பெட்ரோல் வி8 எஞ்சினையும் மின்தேக்கிகளையும் நம்பியது. போர்ஷே 2 லிட்டர் டர்போ வி4 எஞ்சினையும் லித்தியம் பேட்டரியையும் தேர்ந்தெடுத்தது. மூன்று நிறுவனங்கள், ஒரே கேள்விக்கு மூன்று வேறு விடைகள், ஏறத்தாழ ஒரே வேகம். கார் பொறியியலில் ஆர்வமுள்ள எவருக்கும் அது பொற்காலம். நான் இன்றும் அப்படித்தான் கருதுகிறேன்.

ஆனால் அந்தப் பொற்காலத்தின் செலவு ஃபார்முலா 1 அணிகளின் செலவை எட்டிப்பிடித்தது. 2015இல் நான்காவதாக வந்த நிஸான் லெ மானில் ஒரே ஒரு முறை ஓடிவிட்டுத் திட்டத்தையே மூடியது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டீசல் புகை மோசடி வெளிவந்த பிறகு, அக்குழுமத்தைச் சேர்ந்த ஆடி 2016 முடிவில் போனது. போர்ஷே 2017 முடிவில் போனது. எஞ்சியது டொயோட்டா மட்டும். 2018 லெ மானில் முதல் இரண்டு இடங்களும் டொயோட்டாவுக்கு. மூன்றாவதாக வந்த ரெபெல்லியன் அணியின் கார் 12 சுற்றுகள் பின்தங்கியிருந்தது. 2018, 2019, 2020 என்று மூன்று ஆண்டுகளும் மேல் பிரிவில் வேறு எந்தப் பெரிய கார் நிறுவனமும் இல்லாமலே டொயோட்டா வென்றது.

இது முதல் முறையும் அல்ல. 1982இல் தொடங்கிய குரூப் சி காலத்தில் போர்ஷே, ஜாகுவார், சாபர்-மெர்சிடிஸ், மஸ்டா என்று பலர் மோதினார்கள். பின்னர் எல்லோரும் 3.5 லிட்டர் எஞ்சினுக்கு மாற வேண்டும் என்று விதி வந்ததும் செலவு எகிறியது. 1992 சீசனோடு உலகத் தொடரே நின்றுபோனது. 1998இல் எஃப்ஐஏ ஜிடி தொடரின் எல்லாப் பந்தயங்களையும் மெர்சிடிஸ் வென்றதும் எதிரிகள் கலைந்து, அந்தத் தொடரின் மேல் பிரிவான ஜிடி1 மூடப்பட்டது. ஒருவர் அதிகம் செலவழித்து மற்றவர்களை வெல்லலாம் என்ற நிலை வந்தால், தோற்றவர்கள் போய்விடுகிறார்கள். வென்றவர் தனியே ஓடுகிறார்.

பிஓபி அறுப்பது இந்தச் சங்கிலியைத்தான். பத்து மடங்கு செலவழித்தாலும் அதனால் கிடைக்கும் வேகத்தைப் பட்டியல் பறித்துவிடும் என்றால், செலவழிக்கும் ஆசை தானாகவே அடங்கும். 2021இல் புதிய விதிகள் வந்தபோது டொயோட்டா, கிளிக்கன்ஹாஸ், பழைய காரோடு வந்த அல்பைன் என்று மூவரே இருந்தார்கள். 2024இல் ஒன்பது நிறுவனங்கள்; அந்த ஆண்டு லெ மானில் ஹைப்பர்கார்கள் மட்டும் 23.

## பெயர்கள் வேறு, பொறிகள் வேறு, அணிகள் வேறு

நிறுவனப் பன்மை என்று சொல்லும்போது மூன்று தனித்தனி விஷயங்களைக் கலந்துவிடுகிறோம்.

1. பெயர்களின் பன்மை: காரின் மூக்கில் எத்தனை சின்னங்கள் என்பது. இது இன்று மிக நன்றாக இருக்கிறது. 2026இல் ஜெனிசிஸ் வந்தது. 2027க்கு மெக்லாரனும் ஃபோர்டும் வருவதாக அறிவித்திருக்கின்றன.

2. பொறியியல் பன்மை: விடைகள் எத்தனை வகை என்பது. இங்கே நிலைமை அவ்வளவு செழிப்பாக இல்லை. அல்பைன், ஆக்யுரா, ஜெனிசிஸ், ஃபோர்டு நான்கின் சேஸிஸும் ஓரெகாவினுடையது. காடிலாக், பிஎம்டபிள்யூ, மெக்லாரன் மூன்றும் டல்லாராவைச் சார்ந்தவை. பின் இறக்கையே இல்லாமல் 2022இல் வந்த பூஜோ 9எக்ஸ்8, இந்தக் காலத்தின் மிகத் துணிச்சலான கார்; 2024இல் அதற்கும் பின் இறக்கை வந்துவிட்டது. எஞ்சின் ஒலி மட்டும் இன்னும் காருக்குக் கார் வேறுபடுகிறது.

3. அணிகளின் பன்மை: காரை ஓட்டுவது தொழிற்சாலை அணியா, விலைக்கு வாங்கிய தனியார் அணியா என்பது. மூன்றிலும் குறைவாகப் பேசப்படுவது இதுதான். ஒரு பிரிவின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுதான் என்பது என் கருத்து.

முதலாவதற்கும் மற்றவற்றுக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு எல்எம்பி2 நல்ல சான்று. 2017 விதிகளின்படி நான்கு தயாரிப்பாளர்களுக்கு அனுமதி, எல்லோருக்கும் ஒரே கிப்சன் எஞ்சின். ஓரெகா 07 சற்று மேலாக இருந்தது. வாங்குபவர்கள் எல்லோரும் அதையே வாங்கினார்கள். சில ஆண்டுகளில் ஏட்டில் நான்கு தயாரிப்பாளர்கள், தடத்தில் ஏறக்குறைய ஒரே கார். ஆனாலும் அந்தப் பிரிவில் போட்டி மிகக் கடுமையாகவே இருந்தது. பன்மை இல்லாமலும் போட்டி இருக்க முடியும்.

## சமன் செய்த பந்தயத்தில் வெற்றிக்கு மதிப்பு உண்டா

ரசிகர்களின் உண்மையான மனக்குறை இதுதான். பட்டியல் தயாரிப்பவரே வெற்றியாளரையும் தீர்மானிக்கிறார் என்ற சந்தேகம். இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

2023 லெ மான் நூற்றாண்டுப் பந்தயம். தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு பட்டியல் மாற்றப்பட்டது: டொயோட்டாவுக்கு 37 கிலோ கூடுதல், ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3. அரை நூற்றாண்டுக்குப் பிறகு மேல் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி, 1965க்குப் பிறகு முதல் முறையாக லெ மானை வென்றது. வென்ற அணி தகுதியானதுதான். ஆனால் இறுதி நேரத்தில் நிறைய எடை மாறினால், டொயோட்டா ரசிகர் கேள்வி கேட்பது நியாயம். விதிப்படி அணிகள் பிஓபியைப் பற்றி வெளியே குறைசொல்லவும் கூடாது. வாய்ப்பூட்டு போட்டால் சந்தேகம் வளருமே தவிரக் குறையாது. அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிஓபி சமன் செய்வது கார் எட்டக்கூடிய வேகத்தை. டயரை எவ்வளவு மென்மையாகப் பயன்படுத்துவது, எரிபொருளுக்கும் டயருக்கும் நிற்கும் பிட்டில் எத்தனை நொடி இழப்பது, விடியற்காலை நான்கு மணிக்கு மழையில் எந்த டயரைப் போடுவது, 24 மணி நேரம் எதுவும் உடையாமல் பார்த்துக்கொள்வது ஆகிய எதுவும் பட்டியலில் இல்லை. 2025 லெ மான் இதற்குத் தெளிவான சான்று. தகுதிச் சுற்றில் எடை குறைவாக இருந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட 6ஆம் எண் போர்ஷே, ஹைப்பர்கார் வரிசையின் கடைசியிலிருந்து கிளம்பியது. 24 மணி நேரம் கழித்து அது இரண்டாவதாக வந்தபோது, வென்ற காருக்கும் அதற்கும் இடைவெளி சுமார் 14 விநாடி. வென்றதோ ஏஎஃப் கோர்ஸே தனியார் அணியாகக் களமிறக்கிய மஞ்சள் நிற 83ஆம் எண் ஃபெராரி. அதே காரைக் கொண்டு ஓடிய ஃபெராரியின் சிவப்பு நிறத் தொழிற்சாலைக் கார்கள் அதற்குப் பின்னால் வந்தன. ஒரே கார், ஒரே பட்டியல், வேறு வேறு முடிவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இடைவெளி குறைவாக இருப்பதை மட்டும் வைத்துப் போட்டியை அளக்கக் கூடாது. 2024 லெ மானில் வென்ற காரையும் சேர்த்து ஒன்பது கார்கள், ஒரு சுற்றுகூடப் பின்தங்காமல் முடித்தன. அது வரலாற்றுச் சிறப்பு. ஆனால் அன்றிரவு மழையால், எல்லோரையும் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் கார் நான்கு மணி நேரத்துக்கு மேல் தடத்தில் இருந்தது. அதன் பின்னால் கூடிய கார்களுக்கிடையே இருந்த இடைவெளி அழிந்தது. நெருக்கமான முடிவில் பட்டியலுக்கும் பங்குண்டு, பாதுகாப்புக் காருக்கும் பங்குண்டு.

இன்னொரு நோயும் இருக்கிறது. வேகமான காருக்குப் பாரம் கூடும் என்றால், முக்கியமில்லாத பந்தயங்களில் வேகத்தை ஒளித்துவைத்து லெ மானில் வெளிக்காட்ட ஆசை பிறக்கும். உணரிகளும் தரவுகளும் பெருகப் பெருக ஒளிப்பது கடினமாகிறது. ஆசை மட்டும் போகவில்லை.

## தோற்பவர்களின் கணக்கு

எட்டு நிறுவனங்கள் ஓடினால் லெ மானில் ஏழு தோற்கும். மூன்று பேர் மோதிய காலத்தில் ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது வெல்லலாம் என்று கணக்குப் போடலாம். எட்டுப் பேர் என்றால் அந்தக் காத்திருப்பு ஓர் இயக்குநர் குழுவின் பதவிக் காலத்தையே தாண்டிவிடும். 2023, 2024, 2025 மூன்று லெ மான்களையும் ஃபெராரி கார்களே வென்றிருக்கின்றன. மற்றவர்களின் வரவுசெலவு அறிக்கையில் மூன்று ஆண்டுச் செலவு மட்டுமே நிற்கிறது.

இங்கே பிஓபிக்குத் தப்ப வழியில்லாத ஒரு முரண் இருக்கிறது. ஒரே நிறுவனம் தொடர்ந்து வென்றால் பட்டியல் சரியில்லை என்பார்கள். வெற்றி எல்லோருக்கும் முறைவைத்து வந்தால் பட்டியல்தான் பங்கிட்டுக் கொடுக்கிறது என்பார்கள். இரண்டு குற்றச்சாட்டும் ஒரே நேரத்தில் எழாத ஒரு நடுப்புள்ளி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதோடு, வெளியேறும் முடிவுகள் பெரும்பாலும் தடத்தில் எடுக்கப்படுவதில்லை. பூஜோ 2012 ஜனவரியில், புதிய சீசனுக்கான கார் தயாராக இருந்தபோதே, நிறுவனத்தின் பண நெருக்கடியால் விலகியது. நன்றாக ஓடினாலும் போகக்கூடும் என்பதால், எந்த விதியாலும் தொழிற்சாலை அணிகளை நிரந்தரமாகக் கட்டிவைக்க முடியாது. ஹைப்பர்கார் பிரிவில் ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு கார்களைக் களமிறக்க வேண்டும் என்று 2025இல் வந்த விதி, வரிசையை நிரப்பியது. சிறிய திட்டங்களுக்குச் சுமையைக் கூட்டியது. 2024இல் ஒற்றைக் காரோடு ஓடிய லம்போர்கினி அடுத்த ஆண்டு உலகத் தொடருக்கு வரவில்லை.

## விற்கும் கார், செலவழிக்கும் கார்

எல்எம்ஜிடி3 பிரிவில் நிலைமை வேறு. அதற்கு முன் இருந்த ஜிடிஇ-ப்ரோ தொழிற்சாலை அணிகளின் பிரிவு. ஒரு காலத்தில் போர்ஷே, ஃபெராரி, ஃபோர்டு, பிஎம்டபிள்யூ, ஆஸ்டன் மார்ட்டின் ஆகியவை அங்கே மோதின. ஒவ்வொன்றாகக் கிளம்பி 2022இல் போர்ஷே, ஃபெராரி, கார்வெட் மட்டும் எஞ்சியிருந்தபோது பிரிவை மூடினார்கள். ஜிடி3 கார்களோ விற்பனைக்கென்றே செய்யப்படுபவை. தனியார் அணி விலை கொடுத்து வாங்குகிறது, உதிரிப் பாகங்களுக்கும் பணம் தருகிறது. நிறுவனத்துக்கு அது வருமானம். 2024இல் உலகத் தொடருக்குள் வந்த முதல் ஆண்டே ஒன்பது நிறுவனங்கள், 18 கார்கள். அடுத்த ஆண்டு லம்போர்கினி போனதும் அந்த இடத்துக்கு மெர்சிடிஸ் வந்தது, எண்ணிக்கை குறையவில்லை.

ஹைப்பர்கார் பிரிவில் இந்த வழியைப் போர்ஷே முயன்றது. 963 காரை ஜோட்டா, புரோட்டான் போன்ற தனியார் அணிகளுக்கு விற்றது. 2024இல் ஸ்பா பந்தயத்தை ஜோட்டாவின் 963 வென்றது. தொழிற்சாலைக் காரை வாடிக்கையாளர் கார் வெல்லலாம் என்று காட்டிய நாள் அது. அதற்கு முன்னோடியும் போர்ஷேதான். குரூப் சி காலத்தில் 956, 962 கார்களைத் தனியாருக்கு விற்றது. யோஸ்ட் அணி ஒரே 956 காரைக் கொண்டு 1984, 1985 இரண்டு லெ மான்களையும் வென்றது. 1980களின் இறுதியில் தொழிற்சாலை ஒதுங்கிய பிறகும் தனியாரிடமிருந்த 962 கார்கள் வரிசையை நிரப்பின. 1994இல் அதே காரின் வழித்தோன்றலான டாவர் 962 லெ மானையே வென்றது.

2025க்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. தொழிற்சாலை அணி போனதும் 2026 உலகத் தொடரின் ஹைப்பர்கார் பிரிவில் போர்ஷே கார் ஒன்றுகூட இல்லை. மென்பொருள், மின் அமைப்பு, தரவுப் பகுப்பாய்வு என்று நிறுவனத்தின் பொறியாளர்கள் உடன் இல்லாமல் இன்றைய ஹைப்பர்காரைத் தனியார் அணி தன்னந்தனியே ஓட்டுவது மிகக் கடினம். மெக்லாரனும் ஃபோர்டும் வரும்போது, அவர்கள் எத்தனை கார்களைப் பிறருக்கு விற்கச் சம்மதிக்கிறார்கள், விற்றபின் எத்தனை ஆண்டு துணைநிற்க எழுத்தில் உறுதி தருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.